கணக்கெடுப்பை முன்னிட்டுக் கடை அடைப்பு

ஐரோப்பா உலகுக்கு அளித்த கொடைகளுள் தலையாயது நீராவி இயந்திரம் என்பார் உண்டு; அச்சுப்பொறி என்பாரும் உண்டு. இவ்விரு சாராரும் செப்டம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் தெற்கு செர்பியாவுக்கு வந்தவர்கள் அல்லர். வந்திருந்தால், கதவைத் தாழிட்டுக்கொண்டு சரக்கை எண்ணும் கலையே நாகரிகத்தின் சிகரம் என்பதை ஐயமற உணர்ந்திருப்பார்கள்.

விஷ்னியேவோ என்னும் சிற்றூரின் கடைத்தெருவில் அந்த வாரம் எந்தக் கதவைப் பார்த்தாலும் ஒரே அறிவிப்புத்தான் தொங்கும்: ‘கணக்கெடுப்பை முன்னிட்டுக் கடை அடைப்பு’. செருப்புக் கடையில் செருப்பை எண்ணுவார்கள். மருந்துக் கடையில் மாத்திரையை எண்ணுவார்கள். முடிதிருத்துபவரிடம் இருப்பவை இரண்டு கத்தரிக்கோலும் ஒரு சீப்புமே. அவற்றை அவர் நான்கு நாள் எண்ணுவார். அவசரப்பட்டு எண்ணி ஒரு சீப்பை விட்டுவிட்டால் அரசுக்கு யார் பதில் சொல்வது?

அதே வாரத்தில் ஊரெங்கும் சுட்ட குடமிளகாயின் மணம் நிறைந்திருப்பதற்கும், முற்றந்தோறும் புகை எழுவதற்கும், கணக்கியலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சரக்கை எண்ணவேண்டிய காலமும் குடமிளகாய் சிவக்கும் காலமும் ஒன்றாக அமைந்தது இயற்கையின் ஏற்பாடு. இயற்கையோடு வாதிடுவது பண்பன்று.

ஊரின் மிகப் பெரிய வீட்டுச் சாமான் கடை மிலுத்தின் என்பவருடையது. ஆணி, வாளி, தோட்டக் குழாய், கண்ணாடி ஜாடி, ஜாடிக்குத் திருகு மூடி, மிளகாய் சுடும் தகர அடுப்பு என்று அங்குக் கிடைக்காத பொருள் இல்லை. கிடைக்கும் பொருள் எந்த மூலையில் கிடக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தலைமை விற்பனையாளர் யாகொதா அம்மையார். ஆண்டுதோறும் நடக்கும் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்குபவரும் அவரே.

கணக்கெடுப்பு நடைபெறும் இடம் கிடங்கின் பின்னாலிருந்த முற்றம். முதலாளி மிலுத்தின் தீயைக் கவனிப்பார். இரண்டு விற்பனைப் பெண்கள் சுட்ட குடமிளகாயின் தோலை உரிப்பார்கள். அம்மையார் செப்புக் கொப்பரை முன் நின்று, அரைத்த விழுதை எண்ணெய் விட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார். ஐவார் என்னும் அந்தச் சிவந்த பண்டம் அடிபிடித்தால் ஒரு குளிர்காலமே பாழ். ஆகையால் அவர் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார். நான்காம் நாள் மாலை, ஜாடிகளை மூடிய பிறகு, எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்து சரக்கின் எண்ணிக்கையை ஒருமனதாக முடிவு செய்வார்கள். கணக்கு இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. எண்ணினால்தானே தவறும்?

யாகொதா அம்மையாரின் மகன் ஸ்வீடனில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு வந்தால் காரின் பின்புறம் முழுவதும் ஐவார் ஜாடிகளை அடுக்கிக்கொண்டு போவான். வடதுருவத்துக்கு அருகில், இருட்டில், ரொட்டியில் தடவிக்கொள்ளத் தன் கையால் கிளறிய விழுது இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் அம்மையாருக்கு இரவில் தூக்கம் வந்தது. ஆண்டு விடுமுறை ஆகஸ்டிலேயே கிரேக்கக் கடற்கரையில் தீர்ந்துவிடும். கணக்கெடுப்பு இல்லையென்றால் ஐவார் இல்லை. செய்தி இவ்வளவுதான், இனி நடந்தவை அனைத்தும் இதிலிருந்தே நடந்தன.

இந்தக் கதை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வெளிநாட்டுப் பெருங்கடை திறந்திருந்தது. மிலுத்தினின் வியாபாரம் படியிறங்கத் தொடங்கியது. காரணத்தை அறிய அவர் மே மாதம் பெல்கிராடில் நடந்த வணிகக் கண்காட்சிக்குச் சென்று, ஒரு துணிப்பையும் நான்கு இலவசப் பேனாவும் ஓர் உறுதியான கருத்தும் கொண்டு திரும்பினார்.

“யாகொதா, நம்ம கடை ஏன் இறங்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

“அந்த ராட்சசக் கடை வந்ததாலதானே முதலாளி?”

“அது ஊருக்குத் தெரிஞ்ச காரணம். அறிவியல் காரணம் வேற. நம்மகிட்ட அமைப்பு இல்ல.”

“எது இல்ல?”

“அமைப்பு. சரக்கு மேலாண்மை அமைப்பு. கம்ப்யூட்டர்ல ஓடும். பெல்கிராட்ல எல்லார்கிட்டயும் இருக்கு. எனக்கு இந்தப் பேனாவைச் சும்மா குடுத்தானே, அவன்கிட்டகூட இருக்கு.”

“பேனாவைச் சும்மா குடுக்கிறவனுக்கு எதுக்குக் கணக்கு?”

இக்கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பை மிலுத்தின் தம் சகோதரியின் மகன் ரஸ்த்கோவிடம் ஒப்படைத்தார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வணிக மேலாண்மை படித்துவிட்டு, அடுத்த வேலை கிடைக்கும்வரை மாமனின் கடையைக் காப்பாற்ற வந்தவன் அவன்.

“அது சரக்கைத் தானா எண்ணும் அக்கா,” என்றான் ரஸ்த்கோ. “ஒரு வாளி வித்தா, கணக்குல ஒரு வாளி குறையும். எப்பப் பார்த்தாலும் சரியா இருக்கும். இனிமே வருஷத்துல ஒரு நாள்கூடக் கணக்கெடுக்கக் கடையைச் சாத்த வேண்டாம்.”

அம்மையார் காப்பிக் கோப்பையை மேசைமேல் வைத்தார். மிலுத்தின் சாளரத்துக்கு வெளியே பார்த்தார். அங்கே குடமிளகாய்ச் செடிகள் அப்போதுதான் பூவிட்டிருந்தன.

“ஒரு நாள்கூடவா?” என்றார் அம்மையார்.

“ஒரு மணி நேரம்கூட வேண்டாம்!” என்றான் ரஸ்த்கோ, முகம் மலர்ந்து. எந்த இடத்தில் பேச்சை நிறுத்தவேண்டும் என்பது கிராட்ஸ் பாடத்திட்டத்தில் இல்லை.

மிலுத்தின் தொண்டையைச் செருமிக்கொண்டு, இவ்வளவு பெரிய விஷயத்தில் தனிமனிதர் முடிவெடுப்பது முறையன்று என்றும், மூவர் அடங்கிய ‘தேர்வுக் குழு’ ஒன்று உடனடியாக அமைக்கப்படுகிறது என்றும் அறிவித்தார். மூவர் யார் என்பதைக் கண்டறிய நேரமாகவில்லை. அறையில் மூவரே இருந்தனர்.

குழுவின் முன் தோன்றிய முதல் அமைப்பைப் பெல்கிராடிலிருந்து ஓர் இளம்பெண் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பொருளின்மேலும் ஒரு சிறு வில்லையை ஒட்டிவிட்டால், எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதை அமைப்பு நொடிதோறும் சொல்லும் என்றாள். உண்மையிலேயே சொல்லிற்று. அலமாரிக்குப் பின்னால் ஏழாண்டுகளாகக் காணாமற்போயிருந்த ஒரு பூவாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. குழு கலக்கமுற்றது.

“ஆணியை எப்படி எண்ணும்?” என்று கேட்டார் அம்மையார்.

“ஆணியை எடை வச்சுக் கணக்குப் பண்ணும் மேடம்.”

“மழைக்காலத்துல ஆணி ஈரமா இருந்தா?”

“ஆணியா? ஈரமாவா?”

“ஈரமானா எடை கூடும். எடை கூடினா ஆணி கூடும். இல்லாத ஆணியைத் தேடிக்கிட்டு இந்த வயசுல முதலாளி எங்கம்மா போவார்?”

“நியாயமான கேள்வி,” என்றார் மிலுத்தின், இல்லாத ஆணியைத் தேடும் முகத்தோடு.

அந்தப் பெண் விடையை எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லி விடைபெற்றாள். குழுவின் தீர்மானம்: ‘மிகையான துல்லியம் காரணமாக நிராகரிக்கப்படுகிறது.’

இரண்டாவது அமைப்பை வடக்கே நோவி ஸாத் நகரிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். அன்றாடம் மாலையில் ஓர் அலமாரியை மட்டும் கைப்பேசியால் படம்பிடித்தால் போதும்; கால் மணி நேர வேலை.

“தினமும் கொஞ்சம் எண்ணிட்டா, செப்டம்பர்ல எண்ணுறதுக்கு என்ன மிஞ்சும்?” என்றார் அம்மையார்.

“ஒண்ணுமே மிஞ்சாது. அதுதாங்க இதோட சிறப்பு.”

“ஏன் தம்பி, உங்க பக்கம் கல்யாணத்தையும் இப்படித்தான் தினம் கால் மணி நேரமாப் பண்ணுவீங்களோ?”

தீர்மானம்: ‘பணியாளர் ஒற்றுமைக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடியது.’

அன்று மாலை ரஸ்த்கோ பொறுமையிழந்தான்.

“மாமா, நான் ஒண்ணு கேக்கவா? ஜாடி மூடியும் மிளகாய் அடுப்பும் விக்கிற கடை நாம. ஊரே ஐவார் போடுற வாரத்துல நாம கடையைச் சாத்திடுறோம். இது யாருக்குமே வித்தியாசமாப் படலையா?”

மிலுத்தினுக்கு ஏதோ படுவது போலிருந்தது. அது முழுவதுமாகப் படுவதற்குள் அம்மையார் குறுக்கிட்டார்.

“அந்த வாரம் கடைக்கு யாருமே வர்றதில்ல கண்ணு. நான் இருபத்தி ரெண்டு வருஷமாப் பாக்குறேன். ஒரு ஈ காக்கா வராது.”

“கடை பூட்டியிருக்கே அக்கா!”

“அதைத்தானே நானும் சொல்றேன். யாருமே வராதப்போ திறந்து வச்சு என்ன பண்றது?”

ரஸ்த்கோ மாமனைப் பார்த்தான். மிலுத்தின் விட்டத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தை நான்காண்டுப் படிப்பால் மறுக்க இயலாது என்பது அவர் கருத்து. மேலும், ஆண்டுதோறும் நாற்பது ஜாடிகள் அவர் நிலவறைக்குச் சென்றுகொண்டிருந்தன. இவ்விரண்டாவது காரணம் கூட்டக் குறிப்பில் இடம்பெறவில்லை.

மூன்றாவது அமைப்பைக் கொண்டுவந்தவர் தோதர். வ்ரான்யே ஊர்க்காரர், அதாவது, ஐவார் கிளறும் இதே தென்பகுதிக்காரர். பெட்டியைத் திறப்பதற்கு முன் சாளரத்தருகே சென்று முற்றத்தைப் பார்த்தார். சுவரில் புகைக்கறை, மூலையில் கவிழ்த்துவைத்த கொப்பரை.

“எத்தனை லிட்டர்?” என்றார்.

“எண்பது,” என்றார் அம்மையார்.

“செம்பா?”

“பின்னே? அலுமினியத்துலயா கிண்டுவோம்?”

தோதர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வந்து அமர்ந்தார். “இப்ப என் அமைப்பைப் பத்திச் சொல்லிடுறேன். ரொம்ப நுட்பமானது. வருஷத்துக்கு ஒரு தடவை நாலு நாள் முழு அடைப்பு வேணும். அந்த நாலு நாள் அலமாரிப் பக்கம் யாரும் போகக்கூடாது. மூச்சுக்காத்து பட்டாலே கணக்கு கலைஞ்சிடும்.”

“அப்ப ஆளுங்க எங்க இருக்கணும்?”

“வெளிய. முற்றத்துல இருந்தா இன்னும் விசேஷம்.”

“எந்தத் தேதியில?”

“தேதியைக் காலியா விட்டிருக்கோம். அது பருவத்தைப் பொறுத்தது. சில வருஷம் மழை தள்ளிப் பெய்யுதில்லையா.”

“நாலு நாள் முடிஞ்சப்புறம் எண்ணிக்கை?” என்றார் மிலுத்தின், நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு.

“நீங்க எதைச் சொன்னாலும் அப்படியே ஏத்துக்கும். மனுஷங்களைச் சந்தேகப்படாது. பண்பான அமைப்பு.”

“இது தானா எதையாவது செய்யுமா சார், இல்லையா?” என்றான் ரஸ்த்கோ.

“செய்யாம என்ன தம்பி? விக்கிறதைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கும். எந்த வாரம் எது போகுதோ அதை வாங்கச் சொல்லும். எது போகலையோ அதை வாங்காதேங்கும். அதுல மட்டும் கொஞ்சம் பிடிவாதம்.”

அந்தச் சிறு குறையைக் குழு பெருந்தன்மையோடு மன்னித்தது. இருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு என்றிருந்த வாக்கெடுப்பு, சென்ற ஆண்டு ஐவாரில் ஒரு பெட்டி ரஸ்த்கோவின் காரில் ஏற்றப்பட்டதும் ஒருமனதாயிற்று. அவன் அதே வாரம் கிராட்ஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகுமுன் தீர்மானத்தில் எழுதினான்: ‘உள்ளூர்த் தேவைகளுக்கு முற்றிலும் பொருத்தமானது.’ அது கேலி என்பதைக் குழு கவனிக்கவில்லை.

செப்டம்பர் வந்தது. முன்பெல்லாம் கணக்கெடுப்புக்கு வழக்கம் ஒன்றே ஆதாரமாக இருந்தது. இப்போது தொழில்நுட்பமே ஆணையிட்டது. மூச்சுக்காற்றுப் பட்டு அமைப்பின் கணக்குக் கலையாதபடி எல்லோரும் முற்றத்துக்குச் சென்றார்கள். அந்த ஆண்டு ஐவாரைப் போல் ஐவார் அமைந்ததில்லை என்று ஸ்வீடனிலிருந்து மகன் தொலைபேசியில் சொன்னான். “அம்மா, ஒரு ஜாடி கேட்டு என் மேலதிகாரியே வீட்டுக்கு வந்துட்டார்,” என்றான். அம்மையார் அன்று கம்ப்யூட்டர் திரையைத் தம் ஏப்ரன் நுனியால் துடைத்துவைத்தார்.

அமைப்பும் சும்மா இருக்கவில்லை. அது கற்றுக்கொண்டிருந்தது.

மறு ஆண்டு ஆகஸ்டில் அதன் முதல் பரிந்துரை அச்சாகி வந்தது. மிலுத்தின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருச்சபையில் வாசிப்பவர் போல வாசித்தார்.

“செப்டம்பர் கடைசி வாரம். ஜாடி மூடி, தேவை இல்லை. மிளகாய் அடுப்பு, தேவை இல்லை. அந்த வாரத்துக்கு முந்தின சனிக்கிழமையோட இருப்பு முழுக்கத் தீர்ந்துடுற மாதிரி வாங்கணும்னு சொல்லுது. நீ என்ன சொல்ற?”

“சரியாத்தான் சொல்லுது முதலாளி,” என்றார் அம்மையார் பெருமிதத்தோடு. “அந்த வாரம் ஒருத்தரும் வர்றதில்லன்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? படிச்ச பையன் ஒத்துக்கலை. மெஷின் ஒத்துக்கிச்சு பாருங்க.”

அமைப்பின் திறமையைப் புகழாமல் இருக்க முடியாது. குறிப்பிட்ட சனிக்கிழமை மாலை, கடை அடைக்கச் சற்று முன்பு, கடைசி மூடி விற்றுத் தீர்ந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து குடமிளகாய் மூட்டைகள் வந்து இறங்கின. திங்களன்று கதவில் அறிவிப்புத் தொங்கியது.

கணக்கெடுப்பின் மூன்றாம் நாள் பிற்பகல், விழுது பதத்துக்கு வந்தது. கரண்டியால் கோடு கிழித்தால் கொப்பரையின் அடி தெரிந்தது. சூடான ஜாடிகளில் நிரப்பி, சூடு ஆறுவதற்குள் மூடவேண்டும். அம்மையார் வழக்கம்போல் மூடிகளை எடுத்துவரக் கடைக்குள் போனார். ஆண்டுதோறும் அவர் எடுக்கும் மூடிகள் ‘கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட குறைவு’ என்று முறைப்படி பதிவாகிவந்தன. இம்முறை குறைவைக் கண்டறிவதற்கு மூடிகளே இல்லை. அலமாரி துடைத்துவைத்தது போல் இருந்தது.

“முதலாளி! மூடி!”

“என்ன மூடி?”

“ஒரு மூடிகூட இல்ல! ஆறிடும், ஆறினா பூசணம் பிடிக்கும், பையனுக்கு நான் என்னத்தைக் குடுத்தனுப்புவேன்?”

மிலுத்தின் விறகை எறிந்துவிட்டு எழுந்தார். இருவரும் எதிர்வரிசைப் பாத்திரக் கடைக்கு ஓடிக் கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து இருமல் வந்தது. சாவித் துவாரத்தின் வழியே புகை வந்தது. குரல் கடைசியாக வந்தது.

“கடை இல்லைங்க! எண்ணிக்கிட்டிருக்கோம்!”

“நாங்களும்தாம்பா எண்ணிக்கிட்டிருக்கோம்! மூடி இருந்தா குடு!”

“எண்ணி முடிக்காம எப்படிங்க எடுத்துக் குடுக்கிறது? கணக்கு கலைஞ்சிடும்ல?”

அந்த வாதத்தில் பிழை காண அவர்களால் முடியவில்லை. அவர்களுடைய வாதந்தான் அது. தெரு முழுக்க அறிவிப்புகள் தொங்கின. திறந்திருந்தது ஒன்றே ஒன்று. அதன் பெயரை யாரும் சொல்லவில்லை. மிலுத்தின் போய்க் காரைக் கிளப்பினார். அம்மையார் ஏப்ரனோடும் கையில் கரண்டியோடும் ஏறிக்கொண்டார்.

நெடுஞ்சாலைப் பெருங்கடையின் வாசலிலேயே மூடிகள் மலைபோல் குவிக்கப்பட்டிருந்தன. வலப்புறம் ஜாடிகள். இடப்புறம் மிளகாய் அடுப்புகள், அணிவகுப்புக்கு நிற்பவை போல. இந்த ஊரில் இந்த வாரத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரோ முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். அப்படி யோசிப்பது அநாகரிகம் என்று அம்மையாருக்குத் தோன்றியது.

பணம் செலுத்தும் இடத்தில் நீண்ட வரிசை. மருந்துக் கடைக்காரர் நின்றார். முடிதிருத்துபவர் நின்றார், அக்குளில் ஓர் அடுப்போடு. செருப்புக் கடைக்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள். எல்லோருடைய நகங்களிலும் கருகிய தோல் ஒட்டியிருந்தது. முதலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மருந்துக் கடைக்காரர் திரும்பி, கௌரவமாக வணங்கினார்.

“எண்ணிக்கை எப்படிப் போகுது மிலுத்தின்?”

“நல்லா வந்துக்கிட்டிருக்கு டாக்டர். உங்களுக்கு?”

“இந்தத் தடவை எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு. மத்தபடி கணக்கு அடிபிடிக்கலை.”

மிலுத்தின் வரிசையின் நீளத்தைப் பார்த்தார். கல்லாப் பெட்டிகள் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. அவர் பெருமூச்சு விட்டார்.

“பாருங்க, நம்ம ஊர்க் காசு எப்படிப் போகுதுன்னு. என்ன அநியாயம் இது!”

“இவங்க எப்பத்தான் கடையைச் சாத்துவாங்க?” என்றார் முடிதிருத்துபவர்.

“சாத்துறதே இல்ல. நான் விசாரிச்சிட்டேன்,” என்றார் செருப்புக் கடைக்காரரின் மனைவி. “வருஷம் முழுக்கத் திறந்தே கிடக்கு.”

யாகொதா அம்மையார் கரண்டியை உயர்த்தினார். “அப்படீன்னா இவங்க கணக்கே எடுக்கிறதில்ல! நாலு நாள் கதவைச் சாத்தி, உக்காந்து, பொறுமையா எண்ணாத கடையில நேர்மை எங்கேர்ந்து வரும்? நம்மளையெல்லாம் அழிச்சது யாருன்னு ஒருநாள் தெரியத்தான் போகுது.”

வரிசை முழுவதும் கனத்த மனத்தோடு ஆமோதித்து, ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

அம்மையார் அறிய விரும்பிய அந்த ‘யார்’ எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிடுவது எளிது. அனைவரும் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, கையில் சான்றுப் பொருளோடு நின்றிருந்தார்கள். எண்ணுவதற்கு அதைவிட வசதியான ஏற்பாட்டை எந்த அமைப்பும் செய்து தர முடியாது. எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லை. ஊரே கணக்கெடுப்பில் இருந்தது.